மேரியக்காவின் எண்ணை மாற்ற ஃபிரேம்வொர்க் யார்?

பட்டினப்பாக்கத்தில் ஓர் இலவச கிளினிக்கில் கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொள்கிறேன். இன்று காலை அங்கே ஒரே களேபரம்.

மீன் விற்கும் மேரியக்கா அட்டையை நீட்டினார். எண் 214. தட்டியதும் திரையில் வந்தவர் ஓர் ஆண், சர்க்கரை நோயாளி.

"இன்னா நைனா, போன வாரம் வரைக்கும் பொம்பளையாத்தானே இருந்தேன்? இப்ப சுகர் மாத்திர வேற எழுதிக்கீது!"

காரணம் புரிந்தது. நேற்று பழைய பதிவேட்டைப் புதிய மென்பொருளுக்கு மாற்றிய அடையாறு இன்ஜினியர், எல்லோருக்கும் ஒன்றிலிருந்து புது எண் விழும்படி விட்டிருக்கிறார். போன் போட்டேன்.

"அங்கிள், பிரைமரி கீயை, அதான் ஒவ்வொருத்தருக்குமான அடையாள நம்பரை, ஃபிரேம்வொர்க்தான் குடுக்கும்; மென்பொருளுக்கு அடித்தளமா இருக்கிற ரெடிமேட் புரோகிராம் அது. நாம தலையிடக் கூடாது. பழைய அட்டை நம்பரைப் பக்கத்துல தனி கட்டத்துல வெச்சுக்கலாம்."

"நீ வைக்கலையேப்பா!"

"சாஃப்ட்வேரோட அடுத்த ரிலீஸ்ல வெச்சிடறேன் அங்கிள்."

அதுவரை மேரியக்கா ஆணாக இருக்க முடியாது. எண் போடும் பகுதியை நானே எழுதினேன். அட்டையில் எண் இருந்தால் அதுவே கீ. இல்லாதவருக்கு மட்டும் கடைசி எண்ணுக்கு அடுத்தது. மொத்தம் பன்னிரண்டு வரி. பதிவேட்டை மறுபடி ஏற்றி 214 தட்டினேன். திரையில் மேரியக்கா வந்தார்; எதிரே நின்ற மேரியக்கா தன் பிரஷர் மாத்திரையை வாங்கிக்கொண்டு போனார்.

இன்ஜினியர் இப்போது "நீங்க செஞ்சது தப்பான முறை அங்கிள்" என்று வாட்ஸ்அப்பில் கட்டுரை கட்டுரையாக அனுப்புகிறார். நான் படிக்கப் போவதில்லை.

கம்ப்யூட்டர் படித்தவர்கள் கீழே கமெண்டில் தாராளமாகத் திட்டலாம். அதற்கு முன், உங்கள் ரேஷன் கார்டு எண்ணை நாளைக் காலை ஒரு ஃபிரேம்வொர்க் மாற்றிவிட்டால் சம்மதமா என்று சொல்லிவிட்டுத் திட்டுங்கள்.