சூலம் பிடித்தவள் அசலா, போலியா?

தங்கத்தை உரசிப் பார்த்துச் சொன்னால் கும்பிட்டுவிட்டுப் போகிறவர்கள், பழைய காசைப் பார்த்துச் சொன்னால் அடிக்க வருவார்கள். என் பிழைப்பு அந்த இரண்டுக்கும் நடுவில் ஓடியது. கடைக் கவுண்டருக்குப் பின்னால் நின்று ஊராருக்குக் கெட்ட செய்தி சொல்லிச் சம்பளம் வாங்கியவர்களே, என் பயம் என்னவென்று உங்களுக்குத்தான் புரியும்.

எண்பதுகளில் மலேசியாவில், கோல சிலாங்கூர் டவுனில் ஒரு நகைக்கடையில் நான் வேலை பார்த்தேன். ஞாயிற்றுக்கிழமை பேப்பரில் பழங்காசு விளம்பரம் வரும். படத்தைப் பார்த்து மணியார்டர் அனுப்பினால் காசு தபாலில் வீடு தேடி வரும். அதிகம் வந்தது, ஒரு பெண் கையில் சூலத்தோடு நிற்கும் வெள்ளைக்காரன் காலத்து வெள்ளி டாலர். வாங்கிய பிறகுதான் சந்தேகம் வரும். தராசும் பூதக்கண்ணாடியும் எங்கள் கடையில் இருந்ததால் எல்லோரும் என்னிடம் வந்தார்கள்.

பிரிக்காத பார்சல்

ஆறுமுகம் அண்ணன் புக்கிட் ரோத்தான் பக்கத்து எஸ்டேட்டில் டிராக்டர் ஓட்டுகிறவர். ஒருநாள் கயிறுகூட அவிழ்க்காத பார்சலைக் கொண்டுவந்து கவுண்டரில் வைத்தார். அது வந்து பல வாரமாகிவிட்டதாம். பிரித்துப் பார்க்கப் பயந்து அரிசி டின்னுக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்தாராம். அந்தக் காசை விற்றுத்தான் மகள் கல்யாணம் என்று வீட்டில் சொல்லியிருந்தார். "நீயே பிரி தங்கச்சி. பொய்யின்னா மட்டும் என்கிட்ட சொல்லிடாதே" என்றார்.

பிரித்தேன். தராசில் வைத்தேன், கனம் குறைவு. விளிம்பைச் சுற்றி, அச்சில் வார்த்து ஒட்டிய தடம் மெல்லிசாக ஓடியது. சூலம் பிடித்தவளின் காலடியில் சின்னக் கீறல் ஒன்றும் இருந்தது. கவுண்டர் மேல் போட்டால் தகரம் விழுந்த சத்தம். காசை மறுபடி பொட்டலத்தில் வைத்துக் கயிற்றைக் கட்டினேன். அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு மெதுவாகச் சொன்னார்: "சொல்லாதேன்னு சொன்னேன், மூஞ்சிய மறைச்சுக்கோன்னு சொல்ல மறந்துட்டேன்."

நெத்திக்காசு

ஜெராமிலிருந்து வந்த லெட்சுமியின் காசு வேறு. அவள் வீட்டுக்காரர் லோரி டிரைவர். பினாங்கில் ஒரு சீனரிடம் தபாலில் வாங்கியது. கனம் சரி, விளிம்புக் கோடுகள் சரி, சத்தம் மணி மாதிரி. நல்ல செய்தி சொல்லும் நாள் அபூர்வமாகத்தான் வரும் என்பதால் நான் சிரித்துக்கொண்டே, "அசல்மா" என்றேன். அவள் முகம் வெளுத்துவிட்டது. "அசல்னா எத்தனை பேர் கையில இருந்திருக்கும்க்கா? செத்தவங்க நெத்தியில ஒட்டி வச்ச காசா இருந்தா? இது வந்ததிலேருந்து பிள்ளைக்குக் காய்ச்சல் விடல" என்றாள். காசின் ஒரு பக்கம் வட்டமாகக் கறுத்திருந்ததைக் காட்டினாள்.

நான் வாரம் தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவள். இதையெல்லாம் நம்புகிறவள் இல்லை. ஆனாலும் அதைக் கேட்டதும் காசு என் கையிலிருந்து நழுவிவிட்டது. அவள் அதைத் தொட மறுத்துக் கடையிலேயே விட்டுவிட்டுப் போனாள். அன்று நான் சோப்புப் போட்டுக் கையைக் கழுவிக்கொண்டே இருந்தேன். மறுநாள் அவள் வீட்டுக்காரர் வந்து காசை வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு குரலைத் தாழ்த்தினார்: "அவகிட்ட மட்டும் போலின்னு சொல்லிருங்கக்கா, அப்பதான் இதை வீட்டுக்குள்ள விடுவா."

முழுக்கைச் சட்டைக்காரர்

ஆறுமுகம் அண்ணனுக்குப் பிறகு அதே மாதிரிக் காசுகள் வரிசையாக வந்தன. எல்லாவற்றிலும் அந்தப் பெண்ணின் காலடியில் அதே கீறல். அசல் காசென்றால் ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு இடத்தில் அடிபட்டிருக்கும். ஒரே கீறல் எல்லாவற்றிலும் இருந்தால் எல்லாம் ஒரே அச்சில் வார்த்தது. இதை நான் வந்தவர்களிடமெல்லாம் விளக்கமாகச் சொன்னேன். பேச்சு பத்தாங் காலி ஊர்வரை போய்விட்டது.

ஒரு மத்தியானம் முதலாளி பேங்க்குக்குப் போயிருந்தார். முழுக்கைச் சட்டை போட்ட ஒருவர், செண்டு வாசனையோடு உள்ளே வந்து ஒரு காசை வைத்தார். கண்ணாடி வைத்துப் பார்த்தேன். அதே கீறல். "எங்க வாங்குனீங்க சார்?" என்று கேட்டேன். "நான் வாங்கல. பாத்துச் சொல்லுங்க" என்றார் சிரித்துக்கொண்டே. வாங்கவில்லை என்றால் செய்தவர் என்று எனக்கு உறைத்தது. அசல் என்று சொல்லி அனுப்பிவிடலாமா என்று நினைத்தேன். ஆனால் பழக்க தோஷம், "கனம் கம்மி சார், இது போலி" என்று வாய் சொல்லிவிட்டது. அவர் கோபப்படவில்லை. காசை எடுத்துத் துடைத்துக்கொண்டே கேட்டார்: "சாயங்காலம் புக்கிட் ரோத்தான் பஸ்ஸுல உங்களுக்கு ஜன்னல் சீட்டு கிடைக்குதா?"

ஸ்டேஷனில்

அதற்குப் பிறகு வீட்டுக்குப் போக நான் அந்தப் பஸ் ஏறவில்லை. முதலாளி மனைவி காரில் கொண்டுபோய் விடுவார். வழியில் பின்னால் எந்த மோட்டார் சைக்கிள் வந்தாலும் நான் சீட்டில் குனிந்துகொள்வேன். முதலாளி போலீஸில் புகார் கொடுத்தார்; பத்தாங் காலியிலும் சிலர் கொடுத்திருந்தார்கள். ஒருநாள் ஆள் பிடிபட்டான், வந்து அடையாளம் காட்டு என்று கூப்பிட்டார்கள்.

ஒரு பெஞ்சில் கைவிலங்கோடு உட்கார்ந்திருந்தான். அதே முழுக்கைச் சட்டை. நான் முதலாளியின் முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டு விரலை மட்டும் நீட்டினேன். அவன் நிமிர்ந்து பார்த்துச் சாவகாசமாகச் சொன்னான்: "எல்லாத்தையும் போலின்னுட்டீங்க, ஆனா நான் அனுப்புனதுல ஒண்ணு அசல்தான்லா, அது யாரோடது சொல்லுங்க பாப்போம்."

ஆற்றோடு போனது

பொய் சொல்கிறான், விடு என்றார் முதலாளி. எனக்கு விட முடியவில்லை. அவனிடம் காசு வாங்கியவர்களுக்கெல்லாம் ஆள்விட்டுச் சொல்லி ஒவ்வொன்றையும் திரும்ப நிறுத்தேன். ஒவ்வொரு தடவையும் அசல் கனத்துக்குத் தராசுத் தட்டு இறங்கிவிடுமோ என்று குனிந்து பார்த்தேன். எல்லாம் கனம் குறைவு, எல்லாவற்றிலும் அந்தக் கீறல். ஆறுமுகம் அண்ணனுடையதும் அப்படித்தான்.

சின்னப்பன் ஒருவர்தான் பாக்கி. எண்ணெய்ப்பனைக் குலை வெட்டுகிறவர். நான் போலி என்று சொன்ன அன்றைக்கே கோபத்தில் பாலத்தில் நின்று காசை ஆற்றில் வீசிவிட்டாராம். அவர் காசை நிறுத்தேனா, கீறலைப் பார்த்தேனா என்று யோசித்து யோசித்துப் பார்த்தேன், ஞாபகம் வரவில்லை. கடைசியில் அவரிடமே விஷயத்தைச் சொன்னேன். சத்தம் போடப் போகிறார் என்று கவுண்டரை இறுகப் பிடித்துக்கொண்டேன். அவர் தலையைச் சொறிந்துவிட்டுச் சொன்னார்: "இனிமே அது மீனுக்குத்தான் தெரியும்லா, நீங்க போய்ச் சாப்பிடுங்க."

போலியை அசல் என்று விற்றவன் லாக்கப்பில் தினமும் நன்றாகச் சாப்பிட்டானாம், போலியைப் போலி என்று சொன்ன எனக்குத்தான் ரொம்ப நாள் சோறு இறங்கவில்லை.