லீவு பக்கத்தில் இருந்த சத்தங்கள்

லிஃப்ட் பழுதுபார்க்கிற அந்த ஆபீஸ் இருந்தது மூன்றாவது மாடியில். அந்தக் கட்டடத்துக்கு லிஃப்ட் கிடையாது. மூச்சிரைக்க ஏறி வருகிறவர்கள் ஒரு கிண்டலாவது அடிக்காமல் உட்காரமாட்டார்கள்.

அங்கே கணினி முன்னால் இருந்தவளை எல்லாரும் முடிச்சு என்றே கூப்பிட்டார்கள். எந்த மெஷினில் என்ன கோளாறு, எப்படிச் சரிசெய்தோம் என்று மெக்கானிக்குகள் ஆபீஸ் விக்கியில், அதாவது எல்லாரும் எழுதித் திருத்தக்கூடிய இணையக் குறிப்பேட்டில், ஆளுக்கொரு பக்கம் எழுதிப் போட்டுவிட்டுப் போவார்கள். அதை பிரேக் பக்கத்தோடும் மோட்டார் பக்கத்தோடும் லிங்க் போட்டு முடிச்சுப் போடுவது அவள் வேலை. இன்னும் எழுதப்படாத பக்கத்துக்குப் போட்ட லிங்க் சிவப்பாகத் தெரியும். சிவப்பைக் கண்டால் அவளுக்கு இருப்புக்கொள்ளாது. "எப்போ எழுதப் போறீங்க?" என்று ஆளைத் துளைத்தெடுத்துவிடுவாள்.

அவளிடம் அதிகம் மாட்டியவர் ரேடியோ. ஓயாமல் பேசியே அந்தப் பேரை வாங்கிய மூத்த மெக்கானிக். எழுதச் சொன்னால் மட்டும் கை வராது. மெஷின் சத்தத்தை போனில் பதிவு செய்து, கூடவே தானும் பேசி, விக்கியில் ஏற்றிவிடுவார். அதையாவது உரிய பக்கத்தில் அட்டாச் செய்வாரா? எது திறந்திருக்கிறதோ அதில்தான். பெரும்பாலும் அது லீவு சொல்கிற பக்கமாக இருக்கும்.

"ஏன் அண்ணே, லீவு பக்கத்துல மோட்டாருக்கு என்ன வேலை?"

"அதுவும் ரெண்டு நாள் ஓய்வெடுக்கட்டுமேம்மா."

அப்படிப்பட்டவருக்குத் தொண்டையில் கட்டி வந்து, குரல்வளையையே எடுக்க வேண்டியதாயிற்று. அவர் வீடு திரும்பிய பிறகு அவருடைய மனைவி ஆபீசுக்கு போன் செய்தார்.

"தங்கச்சி, அவர் குரல் உங்ககிட்ட எங்கயாச்சும் இருக்கா? பழைய போன் லிஃப்ட் குழித் தண்ணியில விழுந்து எல்லாம் போச்சு. பொண்ணுக்கு இன்னும் கொஞ்ச நாள்ல குழந்தை பொறந்துடும். தாத்தா குரல் எப்படின்னு அது கேக்க வேணாமா?"

"நிறைய இருக்கு அண்ணி! இதோ எடுத்துத் தரேன்."

சொல்லிவிட்டு லீவு பக்கத்தைத் திறந்தாள். புதுப் பக்கம் வந்தது, சுத்தமாக. பழையது எதற்கு என்று அதை நீக்கியதே அவள்தான். பக்கம் போனால் அதில் அட்டாச் செய்த ஃபைலும் கூடவே போய்விடும்.

நீக்கிய பக்கங்கள் கொஞ்ச காலம் விக்கியின் குப்பைக்கூடையில் கிடக்கும். அதைத் திறக்க மேனேஜரால்தான் முடியும்.

"பழைய லீவு பக்கமா? யார் லீவைத் தோண்டப் போறே? என்னோடதா?"

"ரேடியோ அண்ணன் குரல் அதுல இருக்கு சார்."

மேனேஜர் சிரிப்பை நிறுத்தி நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். கூடையில் தேடித் தேடி, கடைசியில் அந்தப் பக்கம் ஃபைல்களோடு வந்து நின்றது. சத்தம். சத்தம் புதுசு. சத்தம் ரொம்பப் புதுசு. ஃபைல்களுக்கு அவர் பேர் வைத்திருந்த லட்சணம் அப்படி.

அவள் ஹெட்போனைக் காதில் மாட்டிக் கேட்டாள். "கேட்டுக்கோ முடிச்சு, இது பேரிங் அழறது. பிரேக் இப்படி அழாது, அவ ரோஷக்காரி, ஒரு கத்து கத்திட்டு நிறுத்திடுவா..." நடுவில் ஒரு காவலாளியோடு சண்டை, ஒரு தும்மல், யாரிடமோ வாங்கிய டீக்கு நன்றி. ஒவ்வொரு ஃபைலையும் அதற்குரிய மெஷின் பக்கத்தில் சேர்த்தாள். பிறகு 'ரேடியோ' என்று ஒரு பக்கம் தொடங்கி, அங்கிருந்து எல்லாவற்றுக்கும் லிங்க் போட்டாள்.

அண்ணியின் கையைப் பிடித்துக்கொண்டு, கழுத்தில் துணி சுற்றியபடி ரேடியோ மூன்று மாடி ஏறி வந்தார். முதல் லிங்க்கை அழுத்தினாள். ஆபீஸ் முழுக்க அவர் குரல். அண்ணி முகத்தைச் சன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். ரேடியோ தலையைச் சாய்த்து, யாரோ வேற்றாள் பேசுவதைப்போல் கேட்டார். அப்புறம் கீபோர்டை இழுத்து ஒரு விரலால் தட்டினார்.

'யாருப்பா இந்த வாயாடி? மூச்சே விடமாட்டானா?'

மெக்கானிக்குகள் சிரித்துவிட்டார்கள். அண்ணியும்தான், கண்ணைத் துடைத்தபடி.

அவர் விடவில்லை. தன் பக்கத்தின் அடியில், முதல்முறையாக உரிய இடத்தில், ஒரு லிங்க் போட்டார்: 'பேரப்பிள்ளைக்குச் சொல்ல வேண்டியவை'. சிவப்பாக நின்றது.

"எப்போ எழுதப் போறீங்க அண்ணே?" வாய் தானாகக் கேட்டுவிட்டது.

அவர் மறுபடி தட்டினார்.

'கேக்கிற ஆள் முதல்ல வரட்டும்.'

முடிச்சு அந்தச் சிவப்பைத் தொடவில்லை.