அத்தான் வீட்டு வால்வு

அத்தானைப் பழிவாங்க வேணும் எண்டு நான் ரெண்டு வருசம் காத்திருந்தனான். மறைக்க என்ன கிடக்கு? கோயிலிலை முழங்காலிலை நிக்கேக்கையும் அந்த நினைப்புத்தான்.

அத்தான் என்ரை அக்காவின்ரை மனுசன். பாலம் கட்டுற எஞ்சினியர், மொன்றியலுக்குப் பக்கத்திலை கர்க்லாண்டிலை சொந்த வீடு. நான் மொன்றியலிலை ஒரு பழைய அப்பார்ட்மென்ட் கட்டடத்தைப் பராமரிக்கிற ஆள். எந்த வீட்டுக் குழாய் ஒழுகினாலும், கக்கூஸ் அடைச்சாலும் முதலிலை என்ரை கதவைத்தான் தட்டுவினம். எங்கடை கடைசித் தங்கச்சிக்கு ஒரு நல்ல சம்பந்தம் பேசி முடியிற நேரம், மாப்பிள்ளை வீட்டாருக்கு முன்னாலை அத்தான் என்னைக் காட்டிச் சிரிச்சுக்கொண்டு சொன்னார்: "இவ கக்கூஸ் அடைப்பு எடுக்கிற ஆள். குடும்பத்திலை ஒராள் இப்பிடியும் வேணும்தானே."

பகிடியாம்! வந்தவை தேத்தண்ணியைக் குடிச்சு முடிக்காமலே எழும்பிப் போச்சினம். சம்பந்தமும் போச்சுது. தங்கச்சி ஒரு கிழமை ஒழுங்காய்ச் சாப்பிடேல்லை. அக்கா அவருக்குப் பக்கத்திலை நிண்டவள், வாயே திறக்கேல்லை. அத்தானிலை இருந்த கோவத்திலை பாதி அவளிலையும் எனக்கு இருந்தது.

பேந்து ஊரிலை சண்டை நிண்டு, அங்கை போற பாதை திறந்த காலம். அத்தானும் அக்காவும் மார்கழியிலை நத்தாருக்கு யாழ்ப்பாணம் போக வெளிக்கிட்டினம். வீட்டுத் திறப்பை என்னட்டைத் தந்து அத்தான் சொன்னார்: "நாங்கள் போன கையோடை ஹீற்றர் எல்லாத்தையும் நிப்பாட்டிவிடு. ஆளில்லாத வீட்டுக்கு என்னத்துக்குச் சூடு?"

மொன்றியல் குளிருக்குள்ளை சூடில்லாத வீடு! குழாய்க்குள்ளை நிக்கிற தண்ணி உறைஞ்சு, குழாய் வெடிச்சு, பேந்து வந்து சூட்டைப் போட்டவுடனை சுவருக்குள்ளாலை தண்ணி ஓடும். எத்தினை வீட்டிலை நான் கண்ட கண்ராவி அது. மனுசனுக்குச் சொல்லியிருக்கலாம். "ஓம் அத்தான்" எண்டு மட்டும் சொன்னன். வெடிச்சு நாசமாய்ப் போகட்டும் எண்டுதான் நினைச்சனான், சத்தியமாய்.

ஆனால் அவை பிளேன் ஏறின அண்டைக்குப் பின்னேரம் அந்த வீட்டுக்குள்ளை போய் நிண்டால் கை சும்மா இருக்குமே? அக்காவும் இருக்கிற வீடுதானே. தோட்டத்துப் பைப்பிலை கோடைகாலத்திலை தண்ணி விடுற ஹோஸ் அப்பிடியே கொழுவிக் கிடந்தது. கழட்டினன். நிலவறையிலை மெயின் வால்வைப் பூட்டினன். மேல்மாடி தொடக்கம் கீழ் மட்டும் எல்லாப் பைப்பையும் திறந்து, நிண்ட தண்ணி முழுக்க வடியவிட்டன். கக்கூசுக்குள்ளை உறையாத மருந்து ஊத்தினன். கடைசியாய், அத்தான் துரை சொன்னபடி ஹீற்றரை நிப்பாட்டினன்.

வால்வைப் பூட்டினால் 'பூட்டிக் கிடக்கு' எண்டு ஒரு துண்டு எழுதி அதிலை கட்டிவிடுறது எங்கடை வேலையிலை வழக்கம். நான் கட்டேல்லை. தண்ணியில்லாமல் நிண்டு, என்னட்டை வாய் திறந்து கேக்கட்டும். எனக்கு அது ஒண்டு போதும்.

ஜனவரிக் கடைசியிலை வந்து இறங்கிச்சினம். அண்டைக்கே அக்கா போன் எடுத்தாள். ஒரு சொட்டுத் தண்ணியில்லையாம். குழாய் எல்லாம் உறைஞ்சு போச்செண்டு அத்தான் தலையிலை கை வைச்சுக்கொண்டு இருக்கிறாராம். குளிருக்குப் பிளம்பர்மாருக்குத் தலைக்கு மேலை வேலை, நாலு நாளைக்குப் பிறகுதான் வருவினமாம்.

"ஐயோ பாவம்" எண்டன். "என்னட்டைக் கேக்கச் சொல்லன்."

"அவரோ? உன்னட்டையோ?" எண்டாள்.

ரெண்டாம் நாளும் கேக்கேல்லை. தலைமயிர் காயவைக்கிற மெஷினைக் கொண்டுபோய்க் குழாய்க்குச் சூடு பிடிக்கிறாராம். வாளியிலை பனியை அள்ளி உருக்கித்தான் கக்கூசுக்கு ஊத்துறாராம். கேக்கக் கேக்க எனக்கு மனம் குளிர்ந்தது.

மூண்டாம் நாள் காலமை அத்தானே எடுத்தார். "பிள்ளை, உனக்கு உந்த வேலை தெரியும்தானே. ஒருக்கா வந்து பாக்கிறியே?"

"எஞ்சினியருக்கு விளங்காதது கக்கூஸ் அடைப்பு எடுக்கிறவளுக்கு எப்பிடி அத்தான் விளங்கும்?"

"நான் அண்டைக்கு அப்பிடிச் சொல்லியிருக்கக் கூடாது" எண்டார்.

பஸ் பிடிச்சுப் போனன். கதவைத் திறந்தவரிலை மூண்டு நாள் குளியாத மணம். நேரை நிலவறைக்குப் போய், பூட்டின வாக்கிலை குழாய்க்குக் குறுக்கை கிடந்த வால்வின்ரை சிவப்புக் கைபிடியை அவருக்கு முன்னாலையே திருப்பினன். மேலை தண்ணி சீறிக்கொண்டு வந்தது.

"இவ்வளவுதானோ?" எண்டார்.

"இவ்வளவுதான்."

முகம் கறுத்துப் போச்சு. துவாயை எடுத்துக்கொண்டு குளிக்கப் போனார்.

குசினியிலை அக்கா தேத்தண்ணி தந்தாள். கிட்ட வரேக்கை ஷாம்பூ மணத்தது. தலையைப் பாத்தன். ஈரம் இன்னும் காயேல்லை.

"என்ன பாக்கிறாய்? கைபிடி குறுக்கை கிடந்ததை நான் வந்த அண்டைக்கே கண்டனான். அவர் கடைக்குப் போற நேரம் திறந்து, ரெண்டு வாளி பிடிச்சுச் சூடாக்கிக் குளிச்சுப்போட்டுத் திரும்பப் பூட்டிவிடுவன்."

"அப்ப ஏன் அவருக்குச் சொல்லேல்லை?"

"சின்னவள் எனக்கும் தங்கச்சிதானே" எண்டாள்.

அவள் குளியலறைப் பக்கம் காதைக் குடுத்துக் கேட்டுப்போட்டு, என்ரை கையிலை ஒரு கிள்ளுக் கிள்ளினாள்.

"நீ ஏனடி இவ்வளவு கெதியாய் வந்தனீ? இன்னும் ரெண்டு நாள் விட்டிருக்கலாம்."