மதகின் மேல் ஒரு கறுப்பு அலகு

அந்தப் பறவையிடமிருந்து கருவாட்டு வாடை வந்தது. கடலுக்கும் எங்கள் ஊருக்கும் இரண்டு பஸ் மாறிப் போகிற தூரம். ஏரிக்கரையில் சேற்று வாடையும் எருமை வாடையும் தவிர வேறொன்றையும் முகர்ந்தறியாத எனக்கு, மதகுக் கல்லின் மேல் இறக்கை தொங்க உட்கார்ந்திருந்த அதன் அருகே குனிந்ததுமே சதுரங்கப்பட்டினத்துக் கடற்கரை மூக்கில் ஏறிவிட்டது. கிட்டே போனாலும் பறக்கத் தெம்பில்லாமல் அது என்னையே பார்த்தது. இத்தனை வருஷத்தில் நான் எத்தனையோ பறவைகளைப் பார்த்துவிட்டேன். என்னைத் திருப்பிப் பார்த்ததாக நினைவிருப்பது அது ஒன்றுதான்.

உத்திரமேரூரிலிருந்து பெருநகர் போகிற சாலையை ஒட்டியது எங்கள் ஊர். எழுபதுகளின் பிற்பகுதி, எனக்குப் பன்னிரண்டு வயது. அத்தையைச் சதுரங்கப்பட்டினத்தில் கொடுத்திருந்ததால், ஒவ்வொரு வருஷமும் அரைப் பரீட்சை லீவை அங்கேதான் கழிப்பேன். அத்தை மகள் சரோஜாவும் நானும் விடியற்காலையில் கடற்கரைக்குப் போய், வலை உலர்த்தும் மணலில் குந்திக்கொண்டு, "கடல்காக்கா"க்களை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்ப்போம். சிவந்த அலகும் சிவந்த காலும் காதுக்குப் பின்னால் கறுப்புப் பொட்டும் இருந்தால் சாதாரணம், கூட்டமாக வரும். அதே கூட்டத்தில் ஒன்று மட்டும் ஒன்றரைப் பங்கு பெரிதாக, மஞ்சள் அலகோடு, நாட்டாமைபோல் நடந்தால் அன்றைக்கு எங்களுக்குத் தீபாவளி. பழைய நோட்டுப் புத்தகத்தில் அலகு, கால், முதுகு என்று மூன்று கோடு போட்டு எழுதி வைப்போம். ஊர் திரும்பியதும் நான் பேசுகிற பேச்சைக் கேட்டு அம்மா, "கலெக்டருக்குப் படிச்சவகூட இவ்ளோ பேச மாட்டா" என்பாள். எனக்கு அதில் பெருமைதான்.

அந்த வருஷம் கோடை லீவின் கடைசி வாரத்தில் சரோஜாவிடமிருந்து ஒரு கார்டு வந்தது. கரையில் ஒரு பெரிய பறவை நிற்கிறது, அலகு நுனி கொக்கிபோல் வளைந்திருக்கிறது, வலைக்காரர்களுக்கே பேர் தெரியவில்லை, போய்விடுவதற்குள் வா என்று எழுதியிருந்தாள். வெள்ளிக்கிழமை பஸ் ஏறலாம் என்று நைனா சொல்லிவிட்டார். அப்பாவை நாங்கள் நைனா என்றுதான் கூப்பிடுவோம். நான் கார்டைத் தலையணைக்கடியில் வைத்துக்கொண்டு நாட்களை எண்ணினேன்.

மதகின் மேல் அந்தக் கருவாட்டு வாடைப் பறவை வந்தது புதன்கிழமை காலையில்.

எங்கள் பக்கத்தில் ஒரு சொலவடை உண்டு: "கடல் பட்சி ஏரிக்கு வந்தா கருக்கருவாளத் தேடு." புயல் தள்ளிக்கொண்டு வராமல் கடல் பறவை இவ்வளவு தூரம் வராது, ஆகவே நெல் பழுத்திருந்தாலும் சரி, பச்சையாக இருந்தாலும் சரி, அறுத்துக் களத்தில் சேர்த்துவிட வேண்டும் என்பது கணக்கு. முந்தைய மழைக்காலம் பொய்த்து, ஏரியில் மிஞ்சிய தண்ணீரை வைத்து நவரைப் பட்டத்தில் நைனா போட்டிருந்த இரண்டு ஏக்கரும் கதிர் தலை சாய்ந்து, அடியில் மட்டும் பச்சை மாறாமல் நின்றிருந்தன. நாலு நாள் பொறுத்தால் முற்றிவிடும். வீட்டுச் சாப்பாடும், அண்ணன் மாசிலாமணி பாலிடெக்னிக்கில் சேர்வதும் அந்த நெல்லில்தான் இருந்தன. அவனுக்கு இடம் கிடைத்த காகிதம் சாமி படத்துக்குப் பின்னால் செருகியிருந்தது.

நைனா கடலை மாசி மகத்துக்கு இரண்டு முறை பார்த்ததோடு சரி. ஆனால் ஏரியில் வருஷம் முழுக்கப் பறக்கிற "ஆத்து ஆலா"வை அவருக்கு நன்றாகத் தெரியும். கறுப்புத் தொப்பி, பிளந்த வால், எல்லாம் இதற்கும் இருந்தது. அவர் மதகுக்கு இந்தப் பக்கம் நின்று என்னைக் கேட்டார்.

"கண்ணு, நீதான் கடல் பட்சிங்கள பாத்தவ. இது இன்னா சொல்லு. ஆலாவாட்டம்தான் கீது. மூக்குதான் கறுப்பா கீதே?"

எனக்குத் தெரியும். ஆத்து ஆலாவுக்கு மஞ்சள் அலகு, சாம்பல் முதுகு, சிவப்புக் கால். இதற்கு மூன்றும் கறுப்பு. நெற்றியில் மட்டும் வெள்ளை. அலகு, கால், முதுகு என்று எங்கள் நோட்டின் மூன்று கோட்டிலும் இது கடல் பறவை என்றே எழுதியிருப்பேன். ஆனால் அப்படிச் சொன்னால் அன்றைக்கே அறுப்பு, பிறகு ஒரு வாரம் களமும் தூற்றலும். வெள்ளிக்கிழமை பஸ் போய்விடும், கொக்கி அலகுப் பறவை போய்விடும். ஒரு பறவையைப் பார்ப்பதற்காக இன்னொரு பறவையைப் பொய்யாக்கினேன்.

"ஆத்து ஆலாதான் நைனா. குஞ்சு. குஞ்சுக்கு அலகு அப்புறமாத்தான் மஞ்சளாவும்."

இவ்வளவு விவரமாகச் சொன்னதால்தான் அவர் நம்பினார். வீட்டுக்குப் போய், "அது ஆலாக் குஞ்சு. நாலு நாள் பொறுத்து அறுக்கலாம்" என்று தன் முடிவாகவே சொன்னார். அண்ணன் கத்தினான்: "பக்கத்துக் கயனில அருவா வச்சிட்டாங்க, நீங்க இன்னா நைனா வேடிக்கை பாத்துக்கினு கீறீங்க?" நைனா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போனார். மறுநாள் அந்தப் பறவை மதகடியில் செத்துக் கிடந்தது. அண்ணன் பார்த்துவிடப் போகிறானே என்று அதைக் காட்டாமணக்குப் புதருக்குள் வீசிவிட்டு, கையை மூன்று முறை கழுவினேன். வாடை போகவில்லை.

வெள்ளிக்கிழமை நல்ல பாவாடை கட்டிக்கொண்டு பஸ்ஸுக்கு நின்றபோது காற்று வந்தது. பஸ் வரவில்லை. மூன்று நாள் மழை. ஞாயிற்றுக்கிழமை முழங்கால் தண்ணீரில் நாங்கள் நாலு பேரும் குனிந்து, படுத்துப்போன கதிரைத் தடவித் தடவி அறுத்தோம். அறுத்த கட்டை வைக்க ஒரு சாண் ஈரமில்லாத இடம் கிடையாது. அம்மா கட்டைத் தலையில் வைத்துக்கொண்டு எங்கே போவதென்று தெரியாமல் வரப்பிலேயே நின்று அழுதாள். நெல் கதிரிலேயே முளை விட்டிருந்தது. புதனன்று அறுத்த பக்கத்துக் கழனிக்காரர் போர், மேட்டில் ஓலை மூடி நின்றது.

அண்ணன் அருவாளைத் தண்ணீரில் எறிந்தான். "அன்னிக்கே தலபாடா அடிச்சுக்கினேனே! உங்களுக்குக் கண்ணு இல்லயா நைனா?"

நைனா நிமிர்ந்து என்னை ஒரு முறை பார்த்தார். ஒரே ஒரு முறை. வாயைத் திறந்து சொல்லிவிடு என்று என் நெஞ்சு அடித்துக்கொண்டது. நான் குனிந்து அடுத்த கதிரைப் பிடித்தேன்.

"நான்தான்பா தப்பா பாத்துட்டேன்" என்றார் அவர்.

அண்ணன் அந்த ஆடியில் வாலாஜாபாத் ரைஸ்மில்லுக்கு மூட்டை தூக்கப் போனான். அங்கேயே தங்கினான், அங்கேயே கல்யாணம் செய்துகொண்டான். தவிட்டுத் தூசி அவன் நெஞ்சில் இருமலாகத் தங்கியது. நைனாவோடு அவன் பிறகு பேசவேயில்லை. நைனா மழைக்காலம்தோறும் மதகில் நின்று ஆலாக்களைப் பார்ப்பார். என்னிடம் மட்டும் எந்தப் பறவையையும் பற்றிக் கேட்க மாட்டார். அவர் செத்தபோது அண்ணன் வந்து கொள்ளி வைத்துவிட்டு, வீட்டுக்குள் கால் வைக்காமல் அடுத்த பஸ்ஸில் போனான். அன்றைக்கும் நான் சொல்லவில்லை.

இப்போது ஏரியில் பாதி, மனைக்கல் நட்ட மேடு. மதகுக் கல் இருக்கிறது, ஆத்து ஆலா வருவதில்லை. கொக்கி அலகுப் பறவை என்னவென்று கடைசிவரை தெரியவில்லை; சரோஜாவும் இல்லை. போன மாதம் கடற்கரைக்குப் போன அண்ணன் பேத்தி போனில் ஒரு படம் அனுப்பியிருந்தாள். கறுப்பு முதுகு, கறுப்பு அலகு, நெற்றியில் வெள்ளை. கொஞ்ச நேரத்தில் அண்ணனே கூப்பிட்டான். "கொயந்த கேக்குது, இன்னா பட்சி அது? ஆலாதானே?"

ஐம்பது வருஷத்துக் கருவாட்டு வாடை அடித்தது.

"இல்லண்ணா, கடல் பட்சி. அன்னிக்கு நம்ம மதகு மேல ஒக்காந்ததும் இதுதான். நைனா என்னத்தான் கேட்டாரு. தெரிஞ்சே ஆத்து ஆலான்னு சொன்னேன். அத்த வூட்டுக்குப் போவணும்னுதான் அப்டி சொன்னேன்."

அந்தப் பக்கம் இருமல் மட்டும் கேட்டது. இருமி முடித்துவிட்டு அண்ணன் சொன்னான்.

"இத்த நைனா உசுரோட கீறப்போ சொல்லக்கூடாதா நீ?"