வல்லூறும் மச்சினன் கயிறும்

1. கூடு கண்டது

மூன்றாம் வகுப்போடு படிப்பை நிறுத்திய எனக்கு, தேவாரம் ஊருக்கு மேலே மலையில் ஃபாரஸ்ட் வாட்ச்சர் வேலை கிடைத்ததே பெரிது. அது போய்விடுமோ என்ற பயத்திலேயே நாள் ஓடும். இரண்டாம் உலகப் போர் தொடங்குமுன் ஒரு மாசியில் ரேஞ்சர் கூப்பிட்டார். “துரை வேட்டைக்குப் பழக்க வல்லூறுக் குஞ்சு கேக்குறாக. கூடு எங்கனன்னு பாத்துச் சொல்லு.”

வல்லூறு பறக்கையில் இறக்கை நுனி கூராகத் தெரியும். விடாமல் சிறகடிக்கும், இரையைக் கண்டால் இறக்கையை மடக்கிக்கொண்டு கல்லாக விழும். சுள்ளி வைத்துக் கூடு கட்டாது, பாறை இடுக்கில் வெறும் மண்ணில்தான் முட்டை. வெள்ளை எச்சம் வழிந்த இடமெல்லாம் கூடு என்று நம்பக் கூடாது. சும்மா உட்காரும் இடமாகவும் இருக்கும். ஆண் இரையோடு வந்து கத்தும். பெட்டை பாய்ந்து வந்து ஆகாயத்திலேயே வாங்கிக்கொண்டு எந்த இடுக்குக்குள் திரும்புகிறதோ, அங்கேதான் குஞ்சு. அந்த இடுக்கைக் கண்டுபிடித்துக் காட்டிவிட்டேன்.

2. கயிறு

குஞ்சை எடுக்கக் கயிற்றில் பாறையில் இறங்க வேண்டியவன் மலைத்தேன் எடுக்கும் மாயாண்டி. அவர்கள் வழக்கத்தில், இறங்குகிறவனின் கயிற்றை மச்சினன்தான் பிடிக்க வேண்டும். அக்காள் தாலியை நினைத்தாவது கையை விடமாட்டான். ஆனால் முந்தின நாள்தான் மாயாண்டி பெண்டாட்டியை அடித்திருந்தான். மச்சினன் சடையன் மரத்தடியில் உட்கார்ந்துவிட்டான்.

“எங்கக்காவ அடிச்ச கைதான? அதாலயே பிடிச்சுக்கிட்டு எறங்கட்டும்.”

“மாப்ள, இன்னைக்கு மட்டும் பிடிடா. பெறகு உங்கக்கா கால்ல விழுறேன்.”

“மொத அங்கன போயி விழுங்க. பெறகு வாங்க.”

ரேஞ்சருக்குப் பொறுமை போய்விட்டது. “கயித்த எவன் பிடிச்சா என்னலே? ஃபாரஸ்ட் கார்டு ரெண்டு பேரும் பிடிங்க.”

“வேணாங்கய்யா, குஞ்சிருக்கு, பெட்டை பாயும்” என்றேன்.

“நீ எதுக்குத்தான்யா பயப்படல?” என்றார் ரேஞ்சர். எல்லோரும் சிரித்தார்கள்.

மாயாண்டி இடுக்கை நெருங்கியதும் பெட்டை வந்தது. அவனிடம் அல்ல, மேலே கயிறு பிடித்தவர்களின் முகத்துக்கு நேரே. இருவரும் கண்ணை மறைக்கக் கையைத் தூக்கினார்கள். கயிறு ஓடியது. சடையன் பாய்ந்து வந்து, உள்ளங்கைத் தோல் உரிய அதைப் பிடித்து நிறுத்தினான். அதற்குள் மாயாண்டி கீழ்த்திட்டில் மோதி இடுப்பு ஒடிந்துவிட்டது. உயிர் பிழைத்தான், எழுந்து நடக்கவே இல்லை.

“நான் ஒரு நாளைக்கு ரோசத்த விட்டிருக்கலாமேண்ணே” என்று சடையன் என்னைப் பார்க்கும்போதெல்லாம் சொல்வான்.

அடுத்த வருஷம் அதே வல்லூறு ஜோடி பாறைக்கு மேல் சுற்றியது. ரேஞ்சர் அண்ணாந்து பார்த்தார். “அதுதானலே?”

“இல்லீங்கய்யா, பருந்து.”

இந்த வேலைக்கு வரும் தம்பிகளுக்குச் சொல்கிறேன். கூடு தெரிந்ததும் வாயைத் திறந்துவிடாதீர்கள். அதற்காக யார் இறங்கப் போகிறார் என்று யோசியுங்கள். அந்தப் பொய்யை நான் ஒரு வருஷம் தாமதமாகச் சொன்னேன்.