டோனர் போட்ட தலையில் மஞ்சள்

அந்தப் பெரியம்மாவைக் கடைத்தெருவில் பார்த்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். "நல்லா கீறியாம்மா?" என்று அவள் வாய் நிறையச் சிரிப்பாள். நானும் பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்து வைப்பேன். அவள் எனக்கு உறவில்லை. என்னிடம் தலைமுடிக்குக் கலர் போட்டுக்கொண்ட ஒரு கல்யாணப் பெண்ணுக்குப் பெரியம்மா, அவ்வளவுதான்.

நான் பார்லர் வைத்திருக்கிறேன். கரையான்சாவடி மெயின் ரோட்டில், மருந்துக் கடைக்கு மேல் மாடியில், இரண்டே நாற்காலி. புருவம் திருத்த வருவார்கள், ஃபேஷியலுக்கு வருவார்கள், முகூர்த்த மாசத்தில் மணப்பெண் அலங்காரம் இருக்கும். முடியில் கீற்றுக் கீற்றாகப் பொன்னிற ஹைலைட்ஸ் கேட்டு வருகிறவர்கள் வருஷத்துக்கு நாலைந்து பேர் தேறினால் அதிகம். அதில் ஒருத்தி இந்தப் பெண். வீடு திருவேற்காடு, வேலை அம்பத்தூரில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில். மூன்று வருஷமாக மாதம் தவறாமல் புருவத்துக்கு வருவாள். வரும்போதெல்லாம் முன்முடியைக் கண்ணாடியில் பிரித்துப் பார்த்து, "கல்யாணத்துக்கு இங்க மட்டும் கோல்டு பண்ணிக்கணும்க்கா" என்பாள். சாம்பல் கலந்த பொன்னிறம், மினுக்கில்லாதது. போனில் படமே வைத்திருந்தாள். "மாப்பிள்ளைக்குப் பிடிக்குமா?" என்று ஒருநாள் கேட்டேன். "எனக்குப் பிடிக்கும்க்கா" என்றாள். அந்தப் பதிலுக்காகவே அவளுக்கு நல்லபடியாகச் செய்துகொடுக்க வேண்டும் என்று எனக்கு வீம்பு வந்துவிட்டது.

நம் ஊர்க் கறுப்பு முடியைப் பொன்னிறமாக்குவது லேசான வேலை இல்லை. ப்ளீச் பூசி, அலுமினியத் தாளில் மடித்து வைத்தால் முதலில் செங்கல் நிறம் வரும். பிறகு ஆரஞ்சு. பொறுமையாக இருந்தால் வாழைப்பழத் தோலின் உள்பக்கம் மாதிரி ஒரு வெளிர் மஞ்சள். அதோடு விட்டால் பித்தளைக் கம்பி கட்டித் தொங்கவிட்டது போலத்தான் இருக்கும். அந்த மஞ்சளை அடக்கத்தான் டோனர். ஊதா நிறத்தில் ஒரு கிரீம். வெள்ளை வேட்டியின் பழுப்பு தெரியாமலிருக்க நீலம் போடுகிறோமே, அதே கணக்குதான். மஞ்சளுக்கு ஊதா எதிரி. ஐந்து நிமிஷம் குறைந்தால் மஞ்சள் நிற்கும், ஐந்து நிமிஷம் கூடினால் முடி நாவல்பழம் தின்ற நாக்கு மாதிரி ஆகிவிடும். பக்கத்திலேயே நின்று, ஒரு கீற்றைத் துடைத்துத் துடைத்துப் பார்க்க வேண்டும்.

கல்யாணத்துக்கு இரண்டு நாள் முன்னால் அவளுக்குச் செய்தேன். காலையில் உட்கார்ந்தவள் எழுந்தபோது மணி மூன்று. எங்கள் போர் தண்ணீரில் வாளியே காவியேறிக் கிடக்கும், அதனால் கடைசி அலசலுக்குக் கேன் தண்ணீரை ஊற்றினேன். காயவைத்துத் திருப்பிக் காட்டியதும் அந்தப் பெண் வாயைப் பொத்திக்கொண்டாள். எனக்கே என் கையை நினைத்துப் பெருமையாக இருந்தது.

கூட வந்திருந்த அவள் அம்மாவிடம் படித்துப் படித்துச் சொன்னேன். "ரெண்டு வாரத்துக்கு எண்ணெய் வேணாம், சீயக்கா வேணாம், மஞ்சள் தலையில படவே கூடாது. வெளுத்த முடி பஞ்சு மாதிரி, எது பட்டாலும் குடிச்சிடும்." அந்தம்மா, "சரிங்க, சரிங்க" என்று தலையாட்டினார். அவர்கள் வேதக்காரர்கள், சர்ச்சில் கல்யாணம். அவர்கள் வீட்டில் நலங்கு இருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. கேட்டிருக்க வேண்டும். இந்த ஊரில் எந்தச் சாமியைக் கும்பிட்டாலும் கல்யாணப் பெண்ணுக்கு மஞ்சள் பூசாமல் விட மாட்டார்கள் என்று இத்தனை வருஷம் தொழில் செய்கிற எனக்குத் தெரியாதா?

கல்யாணத்தன்று காலை ஏழு மணிக்கு அந்தம்மா போன் செய்தார். "பொண்ணு அழுவுறா, கொஞ்சம் வாங்க." சாயங்காலம் நாலு மணிக்குச் சர்ச். அலங்காரத்துக்கு நான் மத்தியானம் போவதாக இருந்தது. கலர் பையைத் தூக்கிக்கொண்டு ஷேர் ஆட்டோவில் ஓடினேன்.

வீடு முழுக்கச் சொந்தக்காரர்கள். நடு ஹாலில் பிளாஸ்டிக் நாற்காலியில் அந்தப் பெண் தலையில் துண்டு சுற்றி உட்கார்ந்திருந்தாள். துண்டை எடுத்தேன். நான் செய்த ஒவ்வொரு கீற்றும் பச்சை மஞ்சள் நிறத்தில் பளபளவென்று நின்றது. முந்தின நாள் மாலை ஜெபம் பண்ணி நலங்கு வைத்திருக்கிறார்கள். கன்னத்தில், கையில், காலில் பூசியதோடு எல்லோரும் நிறுத்திக்கொண்டார்கள். பெரியம்மா மட்டும் நிறுத்தவில்லை. கிண்ணத்தில் மிச்சமிருந்த விழுதை ஒரு பிடி அள்ளி, நான் வெளுத்த முடியாகப் பார்த்துப் பார்த்துத் தேய்த்திருக்கிறாள். தேய்த்துவிட்டு மஞ்சள் தண்ணீரையும் தலையில் ஊற்றியிருக்கிறாள்.

"ஏம்மா இப்படிப் பண்ணீங்க?" என்று கேட்டேன். குரல் உயர்ந்துவிட்டது.

"பின்ன இன்னா? கல்யாணப் பொண்ணு தலையில நரை கீது. பாக்கறவன் இன்னா சொல்லுவான்? மாப்ள ஊட்டுக்காரங்க கெழவியக் கட்டி வச்சிட்டாங்கன்னு சிரிக்க மாட்டாங்க? அதான் மங்களமா மஞ்சள் வச்சேன்."

நரையாம். மணிக்கணக்கில் நின்று, மஞ்சளை ஒழித்து, அந்தப் பெண் கேட்ட சாம்பல் பொன்னிறத்தைக் கொண்டுவந்திருக்கிறேன். அது இவள் கண்ணுக்கு நரை. எனக்கு வந்த கோபத்துக்கு அந்தக் கிண்ணத்தை எடுத்து அவள் தலையிலேயே கவிழ்த்திருப்பேன். அவள் தலையை யாராவது தொட்டால் விடுவாளா? சின்னப் பெண் என்றால், அதுவும் கல்யாணப் பெண் என்றால், அவள் தலை ஊருக்கே பொது. ஆளாளுக்குக் கை வைக்கலாம்.

கோபத்தில் செய்த வேலை உருப்படாது என்பார்கள். அப்படித்தான் ஆயிற்று. மஞ்சள்தானே, டோனரை மறுபடி போட்டு அடக்குகிறேன் பார் என்று கலக்கிப் பூசிவிட்டேன். பூசிய இடமெல்லாம் கண்முன்னால் சிவந்தது. டோனரில் அமோனியா இருக்கிறது, காரம். மஞ்சள் தண்ணீரில் ஒரு சிட்டிகை சுண்ணாம்பு போட்டால் ஆரத்தி ரத்தச் சிவப்பாகுமே, அதேதான். எத்தனை கல்யாண வாசலில் நானே ஆரத்தி கரைத்துக் கொடுத்திருக்கிறேன்! அந்த நேரத்தில் புத்தி எங்கே போனது என்று தெரியவில்லை. அந்தப் பெண் கண்ணாடியைப் பார்த்துவிட்டு, "அய்யோ அக்கா" என்றாள். பெரியம்மா கன்னத்தில் கை வைத்துக்கொண்டாள். "நான் வச்சப்போ மஞ்சளாத்தான இருந்துச்சி. இவ வந்து ரத்தமாக்கிட்டா." அவள் சொன்னது உண்மை. அதனால் இன்னும் கோபம்.

சிவப்பை இறக்கும் வழி எனக்குத் தெரியும். எலுமிச்சம்பழம் நாலு வாங்கிவரச் சொல்லி, தண்ணீரில் பிழிந்து அலசினேன். சிவப்பு மறைந்து மறுபடி மஞ்சளானது. தேங்காய் எண்ணெய் தடவி ஊறவைத்துத் தேய்த்தேன், துண்டெல்லாம் மஞ்சள் இறங்கியது. பிறகு ஷாம்பு. மிச்சத்துக்கு வெயில்தான் மருந்து. வெள்ளைச் சட்டையில் பட்ட மஞ்சள் கறையைத் துவைத்து வெயிலில் போட்டால் தானாகப் போகும், எல்லா வீட்டுக்கும் தெரிந்த விஷயம். பத்தரை மணிக்கு அவளை மொட்டை மாடிக்கு அழைத்துப்போனேன். தண்ணீர்த் தொட்டி ஓரம் ஸ்டூல் போட்டு, முகத்துக்குத் துப்பட்டாவால் மறைப்புக் கட்டி, ஹைலைட்ஸ் கீற்றுகளை மட்டும் வெளியே எடுத்துப் பரப்பி வைத்தேன். மெஹந்தி வைத்த கையை மடியில் வைத்துக்கொண்டு அவள் அசையாமல் உட்கார்ந்திருந்தாள். "வேர்க்குதாம்மா?" என்றால், "பரவால்லக்கா, இருக்கேன்" என்பாள்.

வெளுத்தது. நிஜமாகவே வெளுத்தது. பன்னிரண்டு மணிக்குக் கீற்றைத் தூக்கிப் பார்த்தபோது பச்சை மஞ்சள் போய், எலுமிச்சைத் தோல் நிறத்துக்கு வந்திருந்தது. இன்னும் கொஞ்ச நேரம் காய்ந்தால் போதும். பையில் அமோனியா இல்லாத ஊதா ஷாம்பு இருந்தது, அதைப் போட்டு அலசினால் பழைய நிறத்துக்குப் பக்கத்தில் வந்துவிடும்.

அப்போது படியேறி அவள் அம்மா வந்தார், பின்னாலேயே பெரியம்மா. அம்மாவின் கையில் கறுப்பு ஹேர் டை பாக்கெட்.

"போட்டோக்காரர் ரெண்டு மணிக்கு வந்துடுவார். இது சரியா வருமா வராதா? உறுதியாச் சொல்லுங்க" என்றார் அம்மா.

"வரும். கொஞ்சம் நேரம் குடுங்க."

பெரியம்மா சும்மா இருப்பாளா? "வரலன்னா? மேடையில இந்த மஞ்சத் தலையோட நிக்குமா பொண்ணு? எந்தப் பார்லர்னு கேக்கறவங்களுக்கெல்லாம் உன் கடையத்தான் காட்டுவேன், சொல்லிட்டேன்."

அந்தச் சர்ச்சுக்கு வருகிற பெண்களில் பாதிப் பேர் என் கடைக்கு வருகிறவர்கள். ஒவ்வொரு முகமாக எனக்கு ஞாபகம் வந்தது. அம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார், பெரியம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். துப்பட்டாவுக்குள் இருந்த பெண்ணை நாங்கள் மூன்று பேரும் பார்க்கவில்லை. "கறுப்பே அடிச்சிடலாம்" என்று சொன்னேன். நான்தான் சொன்னேன், என் வாயால்.

மறு மாதமே பெரியம்மா என் கடைக்கு இரண்டு கல்யாணப் பெண்களை அழைத்து வந்தாள். "இவங்க கைராசி. ஒரு நிமிசத்துல பொண்ண லட்சுமியாட்டம் ஆக்கிட்டாங்க" என்றாள், ஞாயிற்றுக்கிழமை தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவள். அந்த இரண்டு பேருக்கும் அலங்காரம் செய்து அனுப்பினேன். அவள் மேல் எனக்குக் கோபம் இருக்கிறது, குறையவும் இல்லை. ஆனால் அவள் நாசம் செய்ததை நான் வெயிலில் வைத்து முக்கால்வாசி மீட்டிருந்தேன். அதன் மேல் கறுப்புப் பூசியது அவள் கை இல்லை.

கல்யாணத்தன்று கீழே அறையில் கதவைச் சாத்திக்கொண்டு டையைக் கலக்கினேன். அந்தப் பெண் நாற்காலியில் நேராக உட்கார்ந்து, கழுத்தைக் காட்டினாள். வலது பக்கம் முடித்து இடது பக்கத்துக்கு வந்தபோது, கண்ணாடியைப் பார்க்காமல், மெதுவாகக் கேட்டாள்.

"அக்கா, இன்னும் ஒரு மணி நேரம் வெயில்ல இருந்திருந்தா வந்திருக்கும்ல?"

"வந்திருக்காதும்மா" என்றேன்.

"சரிக்கா. அப்ப பரவால்ல" என்று கண்ணை மூடிக்கொண்டாள்.

வந்திருக்கும். ஒரு மணி நேரம்கூட வேண்டாம், அரை மணி போதும்.