தீபாவளிக்கு சாஃப் செய்த ஹார்ட் டிஸ்க்

பினாயில் வாசனை, ஈர சிமெண்ட் வாசனை... தீபாவளிக்கு முந்தின வாரம் ஃபீஜியில், நகாசியில் எங்கள் தெருவில் எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும் அதுதான். திரைச்சீலை எல்லாம் கொடியில், சோஃபா எல்லாம் வாசலில்.

கூ என்கிற ஆட்சிக் கவிழ்ப்பு நடந்த அந்த வருஷம் மட்டும் தெருவில் பல வீடுகளில் கழுவ ஆளில்லை. அது நடந்த சில மாதங்களுக்குள் சிட்னி, வான்கூவர் என்று எங்களைப் போன்ற இந்தியக் குடும்பங்கள் ஒவ்வொன்றாகக் கிளம்பிவிட்டன. தலைநகர் சுவாவில் வீட்டு பிளான் வரையும் டிராஃப்ட்ஸ்வுமனாக நான் இருந்த ஆபீஸையும் மூடிவிட்டார்கள். ஊர் இருந்த நிலையில் யார் வீடு கட்டுவார்கள்?

என் ஒரே சொத்து, வீட்டு கம்ப்யூட்டரில் நான் வரைந்து வைத்திருந்த பிளான்கள். ஆக்லாந்தில் ஒரு கம்பெனி அவற்றை சிடியில் கேட்டிருந்தது. அடுத்த வாரம் ஆளை முடிவு செய்துவிடுவார்கள். வேலை கிடைத்தால் விசா. இல்லாவிட்டால்... என் வீட்டுக்காரர் சுரேஷுக்கும் கார்மெண்ட் ஃபேக்டரியில் ஷிஃப்ட் இல்லாமல் போயிருந்தது. அதற்குமேல் நான் யோசிக்கவே இல்லை.

சிடி வாங்க நௌசோரி டவுனுக்குப் போயிருந்தேன். திரும்பி வந்தால் சுரேஷ் முகமெல்லாம் சிரிப்பு.

"வா வா. அம்மா சாஃப் பண்ணச் சொன்னாங்க, கம்ப்யூட்டர சாஃபா ஆக்கிட்டேன். ஃபார்மேட் போட்டு விண்டோஸ் புதுசா ஏத்திட்டேன். இப்ப எப்படி ஓடுது பாரு."

எங்கள் வீட்டில் பாதி தமிழ், பாதி ஹிந்தி. சுத்தம் என்ற சொல்லே கிடையாது, எல்லாம் சாஃப்தான். பாத்திரம் சாஃப், முற்றம் சாஃப். அந்த மனுஷர் அப்போதுதான் ஃபார்மேட் போடக் கற்றிருந்தார். கை அரித்துக்கொண்டே இருந்தது.

மாமியார் கையில் துடைப்பத்தோடு வந்து நின்றார். "தூசியா இருக்கு, துணியால தொடைன்னுதானேப்பா சொன்னேன்..."

"டி டிரைவ்?" என்றேன். என் பிளான்கள் எல்லாம் அதில்தான்.

"அதுவும்தான்."

பேக்கப் இல்லாமல் இல்லை. ஃப்ளாப்பி டிஸ்க்குகள் ஒரு டப்பா நிறைய இருந்தன. ஆனால் நகாசி மழையில் வீட்டுக்குள் எப்போதும் ஈரம்தான். திறந்து பார்த்தால் ஒவ்வொன்றிலும் வெள்ளை வெள்ளையாகப் பூஞ்சை. டிரைவில் போட்டால் கரகரவென்று அரைத்துவிட்டு, படிக்க முடியவில்லை என்று துப்பியது.

"இரு, நீ பிளான் வரையற ஆட்டோகேட் சிடி இருக்கு. டி டிரைவ்ல மறுபடி ஏத்திடறேன்" என்று சுரேஷ் மவுஸில் கை வைத்தார். நான் ஓடிப்போய் ஸ்விட்சையே அணைத்துவிட்டேன்.

"யாரும் தொடாதீங்க. அதுல இனிமே ஒரு எழுத்துகூட எழுதக்கூடாது."

ஃபார்மேட் ஆன டிஸ்க்கிலிருந்து ஃபைல்களை மீட்டதை ஆபீஸில் ஒருமுறை பார்த்திருக்கிறேன். ஃபார்மேட் என்பது தெருவில் வீட்டு நம்பர் பலகைகளைப் பிடுங்கிப் போடுவது மாதிரி. வீடுகள் அங்கேயேதான் இருக்கும், அதன்மேல் புதிதாக ஒன்றைக் கட்டும்வரை.

அன்றைக்கு ஆபீஸில் அதைச் செய்தவன் ஜோசஃபா, எங்கள் கம்ப்யூட்டர் ஆள். ஆபீஸ் மூடியபின் சுவாவில் ஒரு ரிப்பேர் கடையில் சேர்ந்திருந்தான். பூர்வகுடி ஃபீஜியன் பையன், ஆனால் ஹிந்தி என்னைவிட நன்றாகப் பேசுவான். கூ நாட்களில் செக்பாயிண்ட் தாண்டி என்னை பஸ் ஏற்றிவிட்டதும் அவன்தான். ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றினேன். மாமியார் தன் புது தீபாவளிப் புடவையையே எடுத்து நீட்டினார், பத்திரமாகச் சுற்றிக்கொண்டு போக.

கடையில் ஜோசஃபா அதைப் பிரித்துப் பார்த்துச் சிரித்தான். "நைலெக்ஸ் புடவையா? ஃபார்மேட்ல சாகாதது அது உரசி வர்ற கரண்ட்ல செத்திருக்கும், ரஞ்சனி."

பிறகு என் முகத்தைப் பார்த்து, "செங்கா நா லெங்கா" என்றான். ஃபீஜியன் மொழியில், கவலை வேண்டாம் என்று.

அவன் கம்ப்யூட்டரில் என் டிஸ்க்கை இரண்டாவதாக மாட்டி, ரெகவரி சாஃப்ட்வேரை ஓடவிட்டான். கண்டெடுக்கும் எதையும் என் டிஸ்க்கில் எழுதாமல் அவன் டிஸ்க்குக்கே அனுப்பினான். ஃபோல்டர் பெயர்கள் போய் வெறும் எண்கள் வந்தன... முதல் ஃபைல், குப்பை. இரண்டாவது, திறக்கவே இல்லை. மூன்றாவதில் கறுப்புத் திரையில் மெல்ல மெல்லக் கோடு விழுந்தது. சுவர், கதவு, படிக்கட்டு... என் வீடு. நான் வரைந்த வீடு.

அழுதேன். வெட்கமே படவில்லை.

நாலைந்து பிளான் உடைந்துபோனது. மற்றதெல்லாம் வந்துவிட்டது. "நீ ஸ்விட்ச அணைச்சதாலதான் பொழச்சுது. ஆட்டோகேட் ஏத்தியிருந்தா நான் ஒண்ணும் பண்ணியிருக்க முடியாது" என்றான். அதை சுரேஷிடம் எத்தனை தடவை சொல்லியிருப்பேன் என்று கேட்காதீர்கள்.

சிடி போனது. வேலை வந்தது. விசாவும் வந்தது.

கிளம்பும்போது அந்தக் கம்ப்யூட்டரை நவுவா ஊரில் ஒருவருக்கு விற்றோம். எங்கள் ஃபைல்களை அழிக்க சுரேஷ் பழையபடி ஃபார்மேட் போடப் போனார். "அது எவ்வளவு சாஃப் ஆகும்னுதான் பாத்தோமே" என்றேன். டிஸ்க் முழுக்க பூஜ்யத்தால் நிரப்பினோம், அன்று முழுக்க ஓடியது. பிறகு ஜோசஃபாவிடம் வாங்கி வந்த அதே ரெகவரி சாஃப்ட்வேரைப் போட்டுப் பார்த்தேன். ஒன்றுமே அகப்படவில்லை. இப்போதுதான் நிஜமான சாஃப் என்று எனக்கு அப்படி ஒரு திமிர்.

இன்றைக்கு என் ஆபீஸில் எல்லாம் கிளவுடில் தானாக சேவ் ஆகிறது. சின்னப் பிள்ளைகள் எதையும் தொலைத்ததே இல்லை. நல்லதுதான்... ஆனால் திரும்பக் கிடைத்தால் எப்படி இருக்கும் என்றும் அவர்களுக்குத் தெரியாது.

அந்தப் பிளான்களில் பலவற்றைக் கேட்டவர்கள் கட்டாமலே நாட்டை விட்டுப் போனவர்கள். போன வருஷம் அவர்களில் ஒருவர் கனடாவிலிருந்து கூப்பிட்டார். ரிட்டயர் ஆகி ஊர் திரும்புகிறாராம். "எனக்கு ஒரு வீடு வரைஞ்சியே ரஞ்சனி, அது இப்ப எங்க இருக்கப் போகுது" என்று சிரித்தார்.

அவர் ஃபோனை வைப்பதற்குள் அந்தப் பிளானை அனுப்பிவிட்டேன்.

நேற்று ஃபோட்டோ வந்தது. அஸ்திவாரம் போட்டாகிவிட்டது. நான் வரைந்த கோடு ஒன்றுகூட மாறவில்லை.